பஞ்ச் பானத்தின் வரலாறு: சோழமண்டலக் கரையிலிருந்து குளிர்கால விருந்து வரை

வட ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் பிறந்ததும் பகற்பொழுது சுருங்கி, வயல்வேலை ஓய்ந்து, மக்கள் வீட்டுக்குள் கணப்பைச் சுற்றி அமரும் காலம் தொடங்குகிறது. அறுவடைத் தானியமும் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியும் புதிதாக வடித்த மதுவும் ஒருசேர வீட்டில் இருக்கும் காலமும் அதுவேயாதலால், ஆண்டின் மிக நீண்ட இரவுகளை ஒட்டியே அங்குள்ள பெருவிழாக்கள் அமைந்தன. அவ்விழாக்களில் இனிப்பிட்டு, நறுமணப் பொருள் சேர்த்து, சூடாக வழங்கப்படும் மதுவகைகளுள் தனி வரலாறு உடையது பஞ்ச். வடித்தெடுத்த சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நீர், நறுமணப் பொருள் ஆகிய ஐந்தையும் பெரிய கிண்ணமொன்றில் கலந்து, அதைச் சூழ்ந்து அமர்ந்தோர் அனைவரும் அதிலிருந்தே முகந்து அருந்தும் பானத்துக்கு அப்பெயர் வழங்கிற்று. இங்கிலாந்தின் பழங்கால கிறிஸ்துமஸ் மரபுகளுள் ஒன்றாக இது பலராலும் கருதப்பட்டாலும், ஆங்கிலத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணக் குறிப்பு வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த வணிகர்களைச் சார்ந்தது. வெப்பக் கடல்களின் சாராயமும் நறுமணப் பொருளும் குளிர்நாட்டுக் கணப்பருகே வந்து சேர்ந்த வழியைப் பின்தொடர்ந்தால், ஒரு விருந்துப் பானத்தின் கதையோடு இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் கதையும் அதற்கு உழைத்த மக்களின் கதையும் சேர்ந்தே விளங்கும்.

பஞ்சுக்கு முந்தைய மரபு

மதுவில் நறுமணப் பொருள் சேர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் பஞ்சுக்கு வெகுகாலம் முந்தையது. அப்பீசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் பண்டைய ரோமானியச் சமையல் நூல், தேனையும் திராட்சை மதுவையும் சேர்த்துக் காய்ச்சி, அதில் மிளகு, குங்குமப்பூ, இலவங்கப்பத்திரி முதலியவற்றை இட்டுச் செய்யும் பானமொன்றின் செய்முறையைத் தருகிறது. அதற்கு வேண்டிய மிளகு மேற்குமலைச் சாரலில் விளைந்து, முசிறி முதலிய துறைமுகங்கள் வழியாக ரோமானியக் கப்பல்களில் ஏறியது. யவனர் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியைச் சங்க இலக்கியமும் பதிவு செய்துள்ளது. ஆகவே ஐரோப்பிய மதுக்கிண்ணத்துக்கும் தென்னிந்திய மண்ணுக்கும் இடையிலான உறவு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

இடைக்காலத்தில் இம்மரபு ஹிப்போகிராஸ் என்னும் பானமாக வளர்ந்தது. இலவங்கப்பட்டை, இஞ்சி, கிராம்பு, சர்க்கரை ஆகியவற்றைத் திராட்சை மதுவில் ஊறவைத்து, கூம்பு வடிவிலான துணிப்பையில் வடிகட்டிச் செய்யப்பட்ட இப்பானத்துக்கு, அந்தப் பையோடு கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டிஸின் பெயர் இணைத்துப் பேசப்பட்டதால் அப்பெயர் ஏற்பட்டது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் சுமார் 1390இல் தொகுத்த ஏட்டிலேயே இதன் செய்முறை இடம்பெற்றுள்ளது. அரண்மனைகளிலும் செல்வர் இல்லங்களிலும் விருந்து முடிவில் செரிமானத்துக்காக இது வழங்கப்பட்டது. நறுமணப் பொருள்களின் விலை சாமானியரை அதனருகே அணுகவிடவில்லை.

சாமானியரின் குளிர்காலப் பானமாக இருந்தது வாசெயில். பார்லி மதுவைச் சூடாக்கி, சர்க்கரையும் சாதிக்காயும் இட்டு, சுட்ட ஆப்பிள்களை அதில் மிதக்கவிட்டு, பெரிய மரக்கிண்ணத்தில் கைமாற்றி அருந்துவது இதன் வழக்கம். கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பன்னிரண்டாம் இரவில் ஏழை மக்கள் இக்கிண்ணத்தை ஏந்தி வீடுவீடாகச் சென்று வாழ்த்துப் பாடிப் பொருள் பெற்றனர். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ஆப்பிள் தோட்டங்களுக்குச் சென்று மரங்களுக்கே வாழ்த்துக் கூறும் சடங்கும் இருந்தது. 1752இல் நாட்காட்டி மாற்றப்பட்டபோது பழைய கணக்கை விட மறுத்த சாமர்செட் மாவட்டத்தின் கார்ஹாம்ப்டன் ஊரில், ஜனவரி 17ஆம் நாளன்று இச்சடங்கு இன்றும் நடைபெறுகிறது. பின்னாளில் பஞ்ச் வந்தபோது அதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தை, அதாவது ஒரே கிண்ணத்தைச் சுற்றி ஊரும் குடும்பமும் கூடும் பழக்கத்தை, வாசெயில்தான் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தது.

இவை அனைத்தும் புளிக்கவைத்த மதுவை, அதாவது திராட்சை மதுவையோ பார்லி மதுவையோ அடிப்படையாகக் கொண்டவை. காய்ச்சி வடித்த சாராயம் அக்கால ஐரோப்பாவில் பெரும்பாலும் மருந்தாகவே கருதப்பட்டது. அதை விருந்துக்குரிய பானமாக மாற்றியதில் பஞ்சுக்குப் பெரும் பங்குண்டு.

கரையில் பிறந்த கலவை

ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனம் 1600இல் தொடங்கப்பட்டு, 1611இல் மசூலிப்பட்டினத்திலும் அதை அடுத்த பெத்தபொலியிலும், அதாவது இன்றைய ஆந்திரக் கரையிலுள்ள நிஜாம்பட்டினத்திலும், தன் பண்டசாலைகளை நிறுவியது. இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல்களில் ஏற்றப்பட்ட பார்லி மது வெப்பமண்டலத்தைக் கடக்கும்போதே புளித்துக் கெட்டது. திராட்சை மதுவோ விலை மிகுந்தது, நெடும்பயணத்தில் அதுவும் நிலைக்கவில்லை. எனவே கரையிறங்கிய மாலுமிகளும் வணிகர்களும் உள்ளூரில் எளிதாகக் கிடைத்த சாராயத்தை நாடினர். அரபுச் சொல்லையொட்டி ஐரோப்பியர் அதை அராக் என்று அழைத்தனர்.

இந்தியக் கரையிலும் இலங்கையிலும் அராக்கின் மூலப்பொருள் பெரும்பாலும் கள்ளே. தென்னையின் பாளை விரிவதற்கு முன்பே அதை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சிறிது சிறிதாகச் சீவினால், சீவிய வாயிலிருந்து இனிப்பான சாறு சொட்டுச் சொட்டாக வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் அது பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். அக்கள்ளைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்து வடித்தெடுத்தால் அதுவே சாராயம். ஒரு நாள் சீவாது விட்டாலும் பாளை வற்றிவிடுமாதலால், மழையிலும் வெயிலிலும் காலை மாலை மரமேறுவது இத்தொழிலின் தவிர்க்க முடியாத நியதி. கோவாவின் தென்னஞ்சாராயம் ஐரோப்பியரிடையே பெரும் புகழ் பெற்றது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் வடித்த சாராயம் டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறியது. டச்சுக்காரரின் தலைமை நகரான படாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், சீனத் தொழிலாளர் கரும்புப்பாகின் கழிவையும் புளிக்கவைத்த அரிசியையும் சேர்த்து வடித்தது வேறொரு வகை; அதுவும் அராக் என்றே வழங்கிற்று.

இந்தச் சாராயத்தின் காரத்தைத் தணிக்க எலுமிச்சையும் சர்க்கரையும் நீரும், மணமூட்டச் சாதிக்காயும் பன்னீரும் சேர்ந்தபோது பஞ்ச் பிறந்தது. 1632ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் பெத்தபொலியில் இருந்த வணிகர் தாமஸ் காலிக்கு எழுதிய கடிதத்தில் இப்பானத்தின் பெயர் காணப்படுகிறது. அது என்னவென்று விளக்காமலே அவர் எழுதியிருப்பதால், அப்போதே அது கரைவாழ் ஆங்கிலேயரிடையே பழகிப்போன ஒன்றாக இருந்தமை தெளிவாகிறது. 1638இல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மண்டெல்ஸ்லோ, அங்கிருந்த ஆங்கிலேயர் சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து அருந்தியதைக் குறித்துள்ளார். முகலாயப் பேரரசில் நெடுங்காலம் தங்கிய பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், வங்காளத்தில் ஐரோப்பியர் குடித்த இதே கலவை சுவையானதாயினும் உடலுக்குத் தீங்கானது என்று எச்சரித்தார். 1670களில் மேற்குக் கரையில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிரையர், ஐந்து பொருள்கள் சேர்வதால் ஐந்தைக் குறிக்கும் இந்தியச் சொல்லே இதன் பெயராயிற்று என எழுதினார். பனைவெல்லமும் எலுமிச்சையும் நீரும் சேர்த்துப் பானகம் கரைக்கும் வழக்கமுள்ள நாட்டில், சாராயம் ஒன்று நீங்கலாக இக்கலவையில் மக்களுக்குப் புதியது எதுவும் இல்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

பெர்னியரின் எச்சரிக்கை வீண்போகவில்லை. அடக்கமின்றிக் குடித்த படைவீரர்களும் எழுத்தர்களும் நோயுற்று மாண்டது நிறுவனத்துக்குத் தொடர்ந்த தலைவலியாயிற்று. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1670களில் ஆளுநராக இருந்த லாங்ஹோர்ன், ஒருவர் ஓர் அமர்வில் அரை பைன்ட் சாராயத்துக்கு மேல் அருந்தக் கூடாதென்றும், மீறினால் மது வழங்கியவருக்கும் குடித்தவருக்கும் தண்டம் உண்டென்றும் விதி வகுத்தார். அரை பைன்ட் என்பது ஏறத்தாழக் கால் லிட்டர். அதுவே கட்டுப்பாட்டின் எல்லையாக இருந்ததென்றால், கட்டுப்பாடற்ற நிலை எத்தகையதாக இருந்திருக்கும் என்பது ஊகிக்கத்தக்கது.

லண்டனில் பஞ்ச்

நாடு திரும்பிய மாலுமிகளோடும் வணிகர்களோடும் பஞ்ச் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தை அடைந்தது. அங்கு அதன் பொருள்கள் ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்தவை: சாராயம் கோவாவிலிருந்தும் படாவியாவிலிருந்தும், சர்க்கரை கரீபியத் தீவுகளிலிருந்தும், எலுமிச்சை ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி நாடுகளிலிருந்தும், சாதிக்காய் இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளிலிருந்தும் வந்தன, கலக்கும் பீங்கான் கிண்ணம்கூடச் சீனத்திலிருந்து வந்தது. ஆகவே மேசை நடுவே ஒரு பஞ்ச் கிண்ணத்தை வைப்பது வீட்டாரின் செல்வநிலையை விருந்தினர்க்கு உணர்த்துவதாக அமைந்தது. சாதிக்காயைத் தேவைப்படும்போது துருவிக்கொள்வதற்காகச் செல்வந்தர்கள் சிறிய வெள்ளித் துருவிகளைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தனர்.

1731இல் ஜேம்ஸ் ஆஷ்லி என்பவர் லண்டனின் லட்கேட் குன்றில் திறந்த கடை, பஞ்சைச் சிறு அளவுகளில் குறைந்த விலைக்கு விற்று, நடுத்தர மக்களிடமும் அதைக் கொண்டு சேர்த்தது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1733இல் வெளியிட்ட புகழ்பெற்ற செதுக்கோவியமொன்று, விடியற்காலை நான்கு மணியளவில் பெரிய பஞ்ச் கிண்ணமொன்றைச் சூழ்ந்து நிலைகுலைந்து கிடக்கும் கனவான்களைக் காட்டுகிறது. இப்பானம் நகர வாழ்வில் எத்துணை ஊடுருவியிருந்தது என்பதற்கும், அதன் தீமையை அக்காலத்தவரே அறிந்திருந்தனர் என்பதற்கும் அவ்வோவியம் ஒருங்கே சான்றாகிறது.

கீழைக் கடல் அராக்கின் விலை மிகுதியாக இருந்ததால், காலப்போக்கில் பார்படோஸ், ஜமைக்கா தீவுகளில் கரும்புப்பாகின் கழிவிலிருந்து வடித்த ரம் அதன் இடத்தைப் பிடித்தது. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரு பங்கு, சாராயம் மூன்று பங்கு, நீர் நான்கு பங்கு என்னும் விகிதம் கரீபியத் தீவுகளின் வாய்மொழி வழக்காகி எங்கும் பரவியது. எனினும் தேர்ந்தவர்கள் விகிதத்தைக் காட்டிலும் எலுமிச்சைத் தோலின் எண்ணெயிலேயே கருத்தூன்றினர். கெட்டிச் சர்க்கரைக் கட்டியை எலுமிச்சையின் மேல்தோலில் அழுத்தித் தேய்த்தாலும், மெல்லச் சீவிய தோலைச் சர்க்கரையோடு சேர்த்துப் பிசைந்து வைத்தாலும், சர்க்கரை அத்தோலின் எண்ணெயை உறிஞ்சி மஞ்சள் நிறமடையும். தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைச் சதை சேர்ந்துவிட்டால் கசப்பேறும். சாறு புளிப்பை மட்டுமே தருவதாலும், மணம் முழுவதும் தோலிலேயே தங்கியிருப்பதாலும், இந்த முதற்படியே நல்ல பஞ்சை மட்டமான பஞ்சிலிருந்து வேறுபடுத்தியது. கரையில் வெப்பத்தைத் தணிக்கக் குடித்த பானத்தில் இங்குக் கொதிநீர் சேர்ந்தது. குளிர்நாட்டின் தேவை அதைச் சூடான பானமாக்கியது.

கிண்ணத்துக்குப் பின்னிருந்த துயரம்

இப்பானத்தின் வரலாற்றை விருந்தின் மகிழ்ச்சியோடு நிறுத்திவிடுவது நேர்மையாகாது. சாதிக்காய் அக்காலத்தில் உலகிலேயே பாண்டா தீவுகளில் மட்டும் விளைந்தது. அதன் வணிகத்தை முழுமையாகக் கைப்பற்றும் நோக்கோடு 1621இல் யான் பீட்டர்சூன் கூன் தலைமையில் டச்சுப் படை அத்தீவுகளைத் தாக்கியபோது, மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டோ, பட்டினியால் மாண்டோ, அடிமைகளாக நாடு கடத்தப்பட்டோ அழிந்தனர். பின்னர்த் தோட்டங்கள் அடிமைகளைக் கொண்டே நடத்தப்பட்டன. பஞ்சின் சர்க்கரையும் ரம்மும் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பில் விளைந்தவை. கரும்பு வெட்டும் களைப்பில், இரவிலும் ஓயாத ஆலைகளின் உருளைகளில் கைகளை இழந்தவர்கள் எண்ணற்றோர்.

இதை இங்கிலாந்து மக்களில் ஒரு பகுதியினர் உணராமல் இல்லை. வில்லியம் ஃபாக்ஸ் 1791இல் வெளியிட்ட துண்டுநூல், மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையையும் ரம்மையும் புறக்கணிக்குமாறு அறைகூவியது. ஏறத்தாழ 3,00,000 பேர் சர்க்கரையைக் கைவிட்டனர் என்று அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னோடியான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அடிமைகளால் விளைவிக்கப்படாத கிழக்கிந்தியச் சர்க்கரை இது என்னும் வாசகம் பொறித்த சர்க்கரைக் கிண்ணங்களும் பின்னர் விற்பனைக்கு வந்தன. அடிமை வணிகம் 1807இல் தடை செய்யப்பட்டு, பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியதற்கு, சமையலறையில் தொடங்கிய இப்புறக்கணிப்பும் வலுச் சேர்த்தது.

டிக்கன்ஸும் குடும்ப விருந்தும்

19ஆம் நூற்றாண்டில் பஞ்ச் மதுக்கடையிலிருந்து விலகிக் குடும்பத்தின் கணப்பருகே இடம்பெயர்ந்தது. இம்மாற்றத்தை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். 1843இல் வெளியான அவருடைய ‘ஏ கிறிஸ்துமஸ் கேரல்’ நாவலில், வறுமையில் வாடும் எழுத்தன் பாப் கிராட்சிட் ஜின்னையும் எலுமிச்சையையும் கலந்து கணப்பருகே சூடாக்கிக் குடும்பத்தாருக்கு வழங்குகிறான். மனம் திருந்திய கஞ்சன் ஸ்க்ரூஜ், அதே எழுத்தனை அழைத்து, சுட்ட ஆரஞ்சும் கிராம்பும் இட்ட சூடான போர்ட் மதுவைப் பகிர்ந்துகொள்ள முன்வருகிறான். அந்நாவலில் பானம் என்பது மேல்கீழ் வேறுபாடு களைந்து மனிதர் ஒன்றுகூடுவதன் அடையாளமாகிறது.

டிக்கன்ஸ் தாமே பஞ்ச் கலப்பதில் தேர்ந்தவர். 1847ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் அவர் எழுதிய கடிதமொன்றில் தம் செய்முறையை முழுமையாக விவரித்துள்ளார். உடைந்தாலும் கவலையில்லாத உறுதியான சாதாரணப் பாத்திரத்தில் மூன்று எலுமிச்சைகளின் தோலை மெல்லியதாகச் சீவி இட்டு, இரு கை நிறையச் சர்க்கரைக் கட்டிகளையும், ஒரு பைன்ட், அதாவது சுமார் 570 மில்லிலிட்டர், பழைய ரம்மையும், பெரிய மதுக்கோப்பை அளவு பிராந்தியையும் சேர்க்க வேண்டும். சூடாக்கிய வெள்ளிக் கரண்டியில் சிறிது மதுவை எடுத்து, மெழுகுத்திரியில் பற்றவைத்து, பாத்திரத்தில் மெல்ல ஊற்றினால் முழுவதும் தீப்பிடிக்கும். அவ்வப்போது கிளறியவாறு மூன்று நான்கு நிமிடம் எரியவிட்டு, தட்டொன்றால் மூடி அணைத்த பின், மூன்று எலுமிச்சைகளின் சாற்றையும் இரு பைன்ட் கொதிநீரையும், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான நீரையும் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம் மூடிவைத்து, விதைகளை அகற்றிச் சுவை பார்த்து, சாடியில் ஊற்றி, காற்றுப் புகாதபடி துணியால் வாயைக் கட்டி, சூடான அடுப்பில் சிறிது நேரம் வைத்தால் பஞ்ச் ஆயத்தமாகும். தீ மதுவின் காரத்தை ஓரளவு குறைத்துச் சர்க்கரையை உருக்கியது; கூடியிருந்தோரின் கண்களுக்கு நீலச் சுடர் ஒரு விருந்தாயிற்று. மதுச்சத்து 78 பாகை செல்சியஸிலேயே ஆவியாகிக் கொதிக்கத் தொடங்குமாதலால், கலந்த பின் பானத்தைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் வைத்திருப்பது அக்காலம் முதல் இக்காலம் வரை மாறாத நெறியாகும்.

ஸ்வீடனும் ஜெர்மனியும் காத்த மரபு

தனித்தனிக் கோப்பையில் உடனுக்குடன் கலந்து தரும் காக்டெயில், மதுவிலக்கு இயக்கங்களின் வளர்ச்சி, ஓய்வுநேரம் சுருங்கிய நகர வாழ்வு ஆகியவற்றால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பஞ்சின் செல்வாக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தேயலாயிற்று. ஜெர்ரி தாமஸ் 1862இல் நியூயார்க்கில் வெளியிட்ட மதுக்கலவை நூல் பஞ்ச் வகைகளுக்கே முதலிடம் அளித்ததாயினும், காக்டெயிலின் எழுச்சிக்கு வித்திட்டதும் அந்நூலே.

அராக்கோடு கூடிய பழைய பஞ்ச் ஸ்வீடனில்தான் நிலைத்தது. 1731இல் தொடங்கப்பட்ட ஸ்வீடன் கிழக்கிந்திய நிறுவனத்தின் கப்பல்கள் கோத்தன்பர்க் துறைமுகத்திலிருந்து சீனத்தின் கான்டனுக்குச் சென்று, தேயிலை, பட்டு, பீங்கான் ஆகியவற்றோடு படாவியா அராக்கையும் கொணர்ந்தன. மேசையில் சூடாகக் கலந்து அருந்தப்பட்ட பஞ்சை, 1845இல் சீடர்லுண்ட் நிறுவனம் முன்கூட்டியே கலந்து புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. வியாழக்கிழமைகளில் மஞ்சள் பட்டாணிச் சூப்போடு சூடான பஞ்ச் அருந்தும் வழக்கம் அந்நாட்டில் இன்றும் உண்டு. கிறிஸ்துமஸ் காலத்துக்கோ குளோக் என்னும் சூடான திராட்சை மது உரியது. ஏலக்காய், இலவங்கப்பட்டை, கிராம்பு, இஞ்சி, கசப்பு ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை ஊறவைத்த இம்மதுவைச் சிறு கோப்பைகளில் ஊற்றி, உலர்திராட்சையும் தோல் நீக்கிய பாதாமும் இட்டு, டிசம்பர் 13ஆம் நாள் வரும் லூசியா திருநாளை ஒட்டியும் அதன் பின்னரும் வழங்குகின்றனர். மசாலா மதுவைச் சூடாக்கும் பழைய ஐரோப்பிய மரபு இதில் தொடர்கிறது. அதன் மணப்பொருள்கள் பெரும்பாலும் இந்தியாவும் இலங்கையும் இந்தோனேசியத் தீவுகளும் தந்தவை.

ஜெர்மனியில் குளூவைன் என்னும் சூடான மசாலா மது, 1434இல் தொடங்கிய டிரெஸ்டன் சந்தை முதலிய கிறிஸ்துமஸ் சந்தைகளின் இன்றியமையாப் பொருளாக இன்று விளங்குகிறது. கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியை மதுப்பாத்திரத்தின் மேல் இடுக்கியில் நிறுத்தி, ரம்மில் நனைத்துப் பற்றவைத்து, உருகும் பாகு சொட்டுச் சொட்டாக மதுவில் விழச் செய்யும் ஃபாயர்ட்சாங்கன்போலே என்னும் வகையும் அங்குண்டு. ஹைன்ரிஷ் ஷ்போர்லின் 1933ஆம் ஆண்டு நாவலும் 1944இல் வெளியான திரைப்படமும் அதன் புகழைப் பரப்பின.

முடிவுரை

ஒரு நாட்டின் தனிமரபாகப் போற்றப்படும் பண்டிகை உணவும் பானமும் பல நாட்டாரின் கைவினையும் அறிவும் சேர்ந்து உருவானவை என்பதற்குப் பஞ்சைவிடத் தெளிவான சான்று அரிது. கூடி அருந்தும் பழக்கத்தையும் சூட்டையும் வடநாடுகள் அளித்தன. சாராயம் வடிக்கும் திறனையும் புளிப்பும் இனிப்பும் மணமும் சேர்க்கும் சுவையறிவையும் இந்தியப் பெருங்கடல் நாடுகள் அளித்தன. ஆயினும் இப்பானத்தைப் பற்றிய நூல்களில் கிண்ணத்தைச் செய்த வெள்ளிக்கொல்லரின் பெயரும், அதிலிருந்து அருந்திய பிரபுவின் பெயரும் இருக்கின்றனவே அன்றி, மரமேறிப் பாளை சீவியவர் பெயரோ, படாவியாவில் அராக் வடித்தவர் பெயரோ, பாண்டாவில் சாதிக்காய் பறித்தவர் பெயரோ இல்லை. சோழமண்டலக் கரையின் வணிக ஆவணங்களையும் இலங்கைச் சாராயத் தொழிலின் பதிவுகளையும் தமிழ் ஆய்வாளர்கள் இக்கண்கொண்டு படித்து, அந்த உழைப்பாளரின் வாழ்வை எழுதும்போதுதான் பஞ்சின் வரலாறு முழுமை பெறும்.